ஆளில்லாத தீவுக்குப் பேர் வச்சது யாரு? - கீழக்கரைக் கடலின் ‘சொர்க்கத் தீவுகள்’ சொல்லும் கதை

வார இறுதியில் உத்தரகோசமங்கைக்கு வரும் கார்களில் பாதி சென்னை, மதுரை, பெங்களூரு பதிவெண் கொண்டவை. மங்களநாதர் தரிசனம், மரகத நடராஜர் சன்னதி, வெளியே வந்து ஒரு டீ. அடுத்து எங்கே போகலாம் என்று செல்போனில் மேப்பைத் திறந்து, விரலால் கொஞ்சம் தெற்கே தள்ளினால் நீலம் வந்துவிடும். கீழக்கரை, ஏர்வாடி, அதற்குக் கீழே கடலுக்குள் பச்சைப் புள்ளிகளாக வரிசையாகச் சில தீவுகள். பெரிதாக்கிப் பார்த்தால் வெள்ளை மணல், சுற்றிலும் வெளிர்நீலத் தண்ணீர். மாலத்தீவு விளம்பரத்தில் பார்த்த அதே நிறம்.

“அண்ணே, இந்தத் தீவுக்கெல்லாம் போக முடியுமா?”

“தீவுக்கா? அதெல்லாம் விடமாட்டாங்க தம்பி.”

ஏன் விடமாட்டார்கள்? மேப்பில் ஒரு வீடுகூடத் தெரியாத இந்தத் தீவுகள் உண்மையிலேயே யாரும் தொடாதவையா? சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

மொத்தம் எத்தனை தீவுகள்?

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்கு, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் சங்கிலிபோல இருக்கின்றன. மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. இதில் மிகப் பெரியது மண்டபத்துக்கு எதிரே இருக்கும் முயல் தீவு, சுமார் 129 ஹெக்டேர். மற்றவை பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு சிறியவை.

உத்தரகோசமங்கைக்குத் தெற்கே மேப்பில் தெரிபவை கீழக்கரைக் கூட்டம். முல்லி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார் என்று ஏழு பெயர்கள். ஆனால் பூவரசன்பட்டியைத் தேடினால் கிடைக்காது. அது கடலுக்குள் மூழ்கிவிட்டது. தூத்துக்குடி பக்கம் விலாங்குச்சல்லியும் அப்படியே. கணக்கில் 21, கண்ணுக்குத் தெரிவது 19.

1986-ல் இந்தத் தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் சேர்ந்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. 1989-ல் இதை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா என்றால் புலிகள் வாழும் காட்டுக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. டீக்கடை அண்ணன் சொன்னதன் பின்னணி இதுதான்.

‘சொர்க்கத் தீவு’ என்ற எண்ணம் எப்படி வந்தது?

தீவு என்றதும் வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, ஆளில்லாத கரை என்று நம் மனதில் வரும் படம் நம் ஊரில் பிறந்ததல்ல. 1719-ல் வெளிவந்த ‘ராபின்சன் குரூசோ’ நாவல் ஆளில்லாத தீவை ஐரோப்பிய வாசகர்களின் ஆசையாக்கியது. 1768-ல் பிரெஞ்சு மாலுமி பூகன்வில் பசிபிக் பெருங்கடலின் தஹிதி தீவில் இறங்கி, கிரேக்கக் காதல் தெய்வத்தின் தீவை நினைத்து அதற்குப் பெயர் வைத்தார். அவருடைய பயண நூல் 1771-ல் வந்தபோது, உழைக்காமலே பழம் கிடைக்கும் சொர்க்கம் ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று பாரிஸ் நம்பியது. தஹிதியில் ஏற்கெனவே ஊர்கள், தலைவர்கள், சண்டைகள், விவசாயம் எல்லாம் இருந்தன. படிப்பவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

தமிழ் நினைவில் இருக்கும் தீவு வேறு மாதிரி. மணிமேகலை காப்பியத்தில் வரும் மணிபல்லவத் தீவில் அவளுக்குக் கிடைப்பது ஓய்வு இல்லை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அதை எடுத்துக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போட அவள் ஊர் திரும்புகிறாள். ராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கும் தீவு என்பது பிழைப்புக்குப் போய்வரும் இடம்தான்.

மாலத்தீவு மாடல் என்பது என்ன?

அந்தப் பழைய கனவைத் தொழிலாக மாற்றிய நாடு என்று மாலத்தீவைச் சொல்லலாம். அங்கே முதல் ரிசார்ட் 1972-ல் திறக்கப்பட்டது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்பதுதான் கணக்கு. மக்கள் வாழும் தீவு தனி, சுற்றுலாப் பயணிகள் தங்கும் தீவு தனி. ஊர்க்காரர் ரிசார்ட் தீவுக்குப் போவது வேலைக்காக மட்டும். சாதாரண மக்கள் வாழும் தீவுகளில் தங்கும் விடுதிகள் நடத்த வழி பிறந்தது 2009-க்குப் பிறகுதான்.

நாம் ரசிக்கும் ‘யாருமே இல்லாத கரை’ பல இடங்களில் இப்படி உண்டாக்கப்பட்டதுதான். படத்தில் ஆள் தெரியக் கூடாது என்பதற்காக ஆட்களைத் தள்ளி வைக்கிறார்கள்.

2024 ஜனவரியில் பிரதமர் மோடியின் லட்சத்தீவுப் பயணப் படங்கள் வெளியானதும், மாலத்தீவா லட்சத்தீவா என்று சமூக வலைதளங்களில் பெரிய சண்டையே நடந்தது நினைவிருக்கலாம். லட்சத்தீவில் இருப்பது 36 தீவுகள். மக்கள் வாழ்வது 10-ல்தான். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. இவ்வளவு சின்ன இடத்தில் குடிநீர் எங்கிருந்து வரும், குப்பை எங்கே போகும் என்ற கேள்விகள் அந்த ஹேஷ்டேக் சண்டையில் பெரிதாக எழவில்லை.

நம் தீவுகள் ஆளில்லாதவையா?

பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நல்லதண்ணித் தீவு. உப்புத்தண்ணித் தீவு. வேம்பார் பக்கத்தில் இருப்பவை. எந்தத் தீவில் இறங்கினால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எதில் கிடைக்காது என்பது, தாகத்தோடு இறங்கியவர்களுக்குத்தானே தெரிந்திருக்கும்?

ஆனைப்பார் என்ற பெயரில் உள்ள ‘பார்’ என்பது மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டுக்குச் சொல்லும் சொல். முத்துப்பார் என்று கேள்விப்பட்டிருப்போம். காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகியவற்றில் வரும் சல்லி என்ற சொல்லுக்கு உடைந்த கல் என்று பொருள். உடைந்த பவளக் கற்கள் குவிந்து உண்டான தீவுகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. புவியியல் படிக்காமலே பெயரில் புவியியலை வைத்திருக்கிறார்கள்.

குருசடைத் தீவின் பெயரே ‘குருசு’, அதாவது சிலுவையிலிருந்து வந்தது. அங்கே பழைய கிறிஸ்தவ வழிபாட்டிடம் உண்டு. கீழக்கரை ஆட்கள் இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் சங்கு குளித்தார்கள். வலை உலர்த்தவும், கருவாடு காயவைக்கவும், காற்று மாறினால் ஒதுங்கவும் மீனவர்கள் இறங்கிய இடங்கள் இவை. ஊர் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆள் போகாமல் இருந்ததில்லை.

‘சொர்க்கம்’ என்ற சொல்லும் இங்கே புதிதல்ல. குருசடைத் தீவை ‘உயிரியலாளர்களின் சொர்க்கம்’ என்று கல்லூரிப் பாடப்புத்தகங்கள் குறிப்பிடுகின்றன. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-லேயே நூல் வெளியிட்டது. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் ‘பலனோகுளோசஸ்’ என்ற புழு போன்ற உயிரினத்தைப் பார்க்க, விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போனார்கள்.

அப்புறம் ஏன் தடை?

காரணம் பவளம். இந்தத் தீவுகள் மலை உச்சிகள் அல்ல. பவளத்திட்டுகளின் மேல் உடைந்த பவளமும் மணலும் சேர்ந்து எழும்பியவை. வெள்ளை மணலில் கணிசமான பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்துத் தின்று, செரிக்காத சுண்ணாம்பைத் துகளாக வெளியேற்றுகின்றன. விளம்பரத்தில் வரும் ‘பவுடர் போன்ற மணல்’ பல இடங்களில் மீன் கழிவுதான்!

பவளத்திட்டு உயிரோடு இருந்தால் அலையின் வேகத்தை உடைக்கும், மணல் நிற்கும். அது செத்தால் அலை நேராகத் தீவில் மோதும்; மணல் போகும்; கொஞ்சம் கொஞ்சமாகத் தீவும் போகும். பூவரசன்பட்டிக்கும் விலாங்குச்சல்லிக்கும் நடந்தது இதுதான். பல்லாண்டு காலம் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் தொழிற்சாலைக்கும் பவளக்கல் வெட்டி எடுத்தார்கள். தனுஷ்கோடியில் எல்லோரும் செல்ஃபி எடுக்கும் அந்த இடிந்த தேவாலயத்தின் சுவரை உற்றுப் பார்த்தால் பவளக்கல் தெரியும். 2001-ல்தான் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இது.

வெட்டுவது நின்றாலும் வெப்பம் நிற்கவில்லை. கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, அது பல வாரம் நீடித்தால், பவள உயிரி தனக்குள் இருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் இப்படி நடந்தது. தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கி அதை நிறுத்த முயன்றார்கள். காரியாச்சல்லித் தீவுக்கும் அதே மாதிரித் திட்டம், உலக வங்கி உதவியுடன் தமிழக அரசு நடத்தும் ‘டிஎன்-ஷோர்’ திட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவு நொய்ந்துபோன இடத்தில் தினமும் ஆயிரம் பேர் நடந்தால் என்னாகும் என்பதுதான் வனத்துறையின் வாதம். நியாயமான வாதம்.

தடையின் விலையை யார் கொடுத்தார்கள்?

பாம்பன் பக்கம் சின்னப்பாலம் மாதிரி ஊர்களில் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுப்பவர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, வலைப்பையோடு கடலில் மூழ்கி, தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி இவற்றைப் பறித்து வருவார்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பு, ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் பொருள், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டு எல்லாவற்றுக்கும் தேவையான அகர் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்றவற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

1986-ல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது இவர்களுடைய அன்றாட வேலையிடம் தடைப் பகுதியானது. 2000-களில் கண்காணிப்பு இறுகியபோது பிடிபடுவது, அபராதம் கட்டுவது எல்லாம் வாழ்க்கையில் ஒரு பகுதி ஆனது. “எங்க அம்மா போன கடல்தானே” என்பது சட்டத்தின் முன் எடுபடாத பதில்.

பெண்கள் வேறு விதமாகப் பதில் சொன்னார்கள். சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் போகாமல் இருப்பது, பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டார்கள். இந்த முயற்சியை முன்னெடுத்த சின்னப்பாலம் பெண் ஒருவருக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. தீவுகளைக் காக்கும் உள்ளூர் மக்களுக்காகவே தரப்படும் உலகளாவிய பரிசு அது.

மாற்றாக மூங்கில் தெப்பம் கட்டி, கரையோரக் கடலிலேயே பாசி வளர்க்கும் முறையும் வந்தது. 2023-ல் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் இங்கே வளர்ப்பதற்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி ஒன்று குருசடைப் பகுதியில் பவளத்தின் மேலேயே படர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தடை, மாற்றுத் தொழில், அதனால் வரும் புதுச் சிக்கல் என்று சுற்றிச் சுற்றி வருகிறது.

இப்போது சுற்றுலா எப்படி நடக்கிறது?

முழுத் தடை இப்போது இல்லை. பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை சூழல் சுற்றுலாப் படகு விடுகிறது. ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையில் படகுச் சவாரி. பாக் நீரிணைப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் கயாக்கிலும் போகலாம். உள்ளூர் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்து நடத்துவது இதன் அடிப்படை.

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. டிக்கெட் வாங்கியவர் விருந்தாளியாக இறங்கும் தீவுப் பக்கம், பாசிப் பையோடு வருபவர் குற்றவாளி ஆகிறார். சூழலுக்கு யார் எவ்வளவு கேடு செய்கிறார்கள் என்பதை வைத்துப் போட்ட கோடாக அது இருந்தால் சரி. யாரிடம் காசு இருக்கிறது என்பதை வைத்துப் போட்டதாக மாறிவிட்டால், மாலத்தீவு மாடலின் சின்ன வடிவம்தான் இங்கேயும் நடக்கும்.

திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தில் உதாரணம் இருக்கிறது. 2000-ல் வெளியான ‘தி பீச்’ படம் எடுக்கப்பட்ட மாயா பே என்ற சின்னக் கடற்கரையைத் தேடி, ஒரு கட்டத்தில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். படகு நங்கூரங்களும் கால்களும் பவளத்தை நொறுக்கின. 2018 ஜூனில் மூடிய கடற்கரையை 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதுவும் படகு உள்ளே வரக் கூடாது, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு என்ற நிபந்தனைகளோடு. அதே 2018-ல் பிலிப்பைன்ஸின் போராகாய் தீவும் ஆறு மாதம் மூடப்பட்டது. யாரும் அறியாத தீவைத் தேடிப் போனவர்கள்தான் அவற்றை எல்லோரும் அறிந்த தீவாக்கினார்கள்.

நம் பக்கமும் வேகம் கூடுகிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. வருபவர்கள் கூடுவார்கள், அடுத்து எங்கே என்று மேப்பைத் திறப்பவர்களும் கூடுவார்கள்.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

* வனத்துறை நடத்தும் படகில் மட்டும் போங்கள். “நான் கூட்டிட்டுப் போறேன் சார், யாருக்கும் தெரியாது” என்று யாராவது அழைத்தால், சட்டச் சிக்கல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.
* மன்னார் வளைகுடாவை இங்கே ஆண் கடல் என்றும் பாக் நீரிணையை பெண் கடல் என்றும் சொல்வார்கள். காற்று மாறும் பருவத்தைப் பொறுத்துப் படகுகள் நிறுத்தப்படும். போகும் முன் கேட்டுவிடுங்கள்.
* செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்து வராதீர்கள். அதுவும் சட்டப்படி குற்றம். சங்கு, சிப்பி வாங்கும்போதும் இதே கவனம் தேவை.
* ஆக்ஸிபென்சோன் உள்ள சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கேடு. பலாவ் தீவு நாடு 2020-லும் ஹவாய் 2021-லும் இதற்குத் தடை போட்டன. முழுக்கைச் சட்டை போதும்.
* படகோட்டியிடமும் வழிகாட்டியிடமும் பேசுங்கள். இந்தத் தீவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேளுங்கள். எந்த ரீலிலும் இல்லாத தகவல் கிடைக்கும்.

கடைசியாக, திரும்பவும் உத்தரகோசமங்கை

இங்குள்ள மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போது மட்டும் காப்பு களையப்பட்டு மரகத மேனி தெரியும். அந்த ஒருநாளுக்காகக் கூட்டம் அலைமோதும். மரகதம் மென்மையானது, ஒலி அதிர்வைத் தாங்காது, அதனால்தான் இந்தக் காப்பு என்பது ஊரில் சொல்லும் காரணம்.

அரிய பொருளை மூடி வைத்துக் காப்பதும், அளவோடு திறந்து காட்டுவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. திறக்கும் நாளில் வெளியூர்க்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே தரிசனம்தான். கோயிலுக்குத் தெற்கே, கடலுக்குள் இருக்கும் அந்தப் பச்சைப் புள்ளிகளுக்கும் அதே மாதிரி ஒரு முறை வேண்டும். பவளத்துக்குக் காப்பும் வேண்டும். நல்லதண்ணி என்றும் உப்புத்தண்ணி என்றும் பெயர் வைத்தவர்களின் பேத்திகளுக்கு அங்கே ஒரு இடமும் வேண்டும்.